நூறில் எத்தனை நிலா

— ...அப்புறம் கட்டில் மெதுவா நகர ஆரம்பிச்சுது. தண்ணியில போற மாதிரி. நீ கரையில நின்னு கை காட்டற...

— கட்டில் எங்கயும் போகல, வாத்து. சக்கரத்துக்குப் பூட்டு போட்டிருக்கு.

— வாத்துன்னா மிதக்கத்தானே செய்யும். கல்லீரல் தூங்கிடுச்சுல்ல... அது காணற கனவெல்லாம் எனக்கு வருது.

— கனவு போதும். டாக்டர் வந்ததும் என்ன கிழமைன்னு கேப்பாரு. சொல்லு பாப்போம்.

— வியாழன்.

— செவ்வாய்.

— சரி, அதையே சொல்லிடறேன். ஆமா... நேத்து எடுத்த ரத்தத்துல எத்தனை நிலா?

— கத்தாத! எங்க லேபுல யாராவது கேட்டா சிரிப்பாங்க. அதுக்குப் பேரு லிம்போசைட், ஒரு வகை வெள்ளை அணு. நீலமா, உருண்டையா இருக்குன்னு நான்தான் வாய் தவறிச் சொல்லித் தொலைச்சேன்.

— எனக்கு நிலாதான் வாயில நுழையுது. இன்னொண்ணு... உடைஞ்ச மணி மாதிரி இருக்கும்னியே?

— நியூட்ரோஃபில், அதுவும் வெள்ளை அணுதான். உடம்புக்குள்ள அழற்சி ஏற ஏற அதுங்க கூட்டம் சேந்துடும். நிலா குறைஞ்சுடும்.

— குறைஞ்சுக்கிட்டே போனா உடம்பு தாங்காது, மாத்து ஈரல் வைக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு.

— கூடினா வைக்கலாம்னும் சொன்னாரு. அதை மட்டும் முழுங்கிட்ட.

— அதுக்குத்தான்டி கேக்கறேன். நேத்து எத்தனை?

— நூறு எண்ணினதுல... இருபது, அக்கா.

— அக்காவா?

— ஏன், இல்லையா?

— பேச ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எனக்கு நீ வச்ச பேரு வாத்து. பொய் சொல்றப்ப மட்டும்தான் மரியாதை வரும். என் சைக்கிளைத் தொலைச்ச அன்னைக்கும் 'அக்கா'ன்னுதான் வந்து நின்ன.

— ...நாலு.

— ம். ஜன்னல் திரையைப் பாரேன்... பாய்மரம் மாதிரி எப்படி உப்புது...

— நாலுங்கறேன்! காதுல விழுந்துதா?

— காலையிலயே டாக்டர் சொல்லிட்டாரு. தினமும் சொல்லிடறாரு. ஆனா நீ சொல்ற கணக்குதான் கேக்க சுகமா இருந்துச்சு. அதான் நம்பற மாதிரி படுத்திருந்தேன்.

— அடிப்பாவி! தினமும் மாடிப்படியில நின்னு ஒத்திகை பாத்துட்டு வரேன் நான்.

— இன்னும் கொஞ்சம் பாத்திருக்கலாம். சரி... இன்னைக்குக் காலையில எடுத்தது?

— மிஷினுக்கு ஏதோ சந்தேகம். கண்ணால எண்ணணும்னு எங்கிட்ட வந்துடுச்சு.

— எண்ணிட்டியா?

— டாக்டர் நாலு மணிக்குத்தானே வராரு... குடுத்துடுவேன்.

— அதைக் கேக்கல. எண்ணிட்டியா, இல்லையா?

— அறுபது வரைக்கும்.

— நூறு எண்ணணுமேடி! மணி மூணரை. பாதியில விட்டுட்டு இங்க உக்காந்து என்ன பண்ற?

— அறுபதுலயே பதினோரு நிலா வந்துடுச்சு... மீதி நாப்பதுல ஒண்ணுமே இல்லாம போயிடுமோன்னு பாக்க பயமா இருந்துச்சு. எழுந்து உன்கிட்ட ஓடி வந்துட்டேன்.