நட்சத்திரம் போட்ட களைக்கொத்து

– ஊரே இல்ல தெக்லாம்மா! ரெண்டு பஸ் மாறி, ஆறு கிலோமீட்டர் சேத்துல நடந்து போனேன். ஒல்ஷாவ்கால ஒரு கூரைகூட இல்ல.

– லுட்விக் சார், முதல்ல பூட்ஸைக் கழட்டுங்க. அகராதி ஆபீஸ் பூரா சேறு. டீ ஊத்தவா?

– டீ கிடக்கட்டும். விஷயம் என்னன்னா, களைக்கொத்துக்கு நம்ம ஆதி ஸ்லாவ் ஜனங்க என்ன சொல் வச்சிருந்தாங்கன்னு இருபத்திரண்டு வருஷமா தேடுறேன்.

– எனக்குத் தெரியாதா? உங்க வீட்டம்மா பெட்டியைக் கட்டினதே அதனாலதானே.

– அதை விடுங்க. எல்லா ஸ்லாவ் பாஷையிலயும் அந்தச் சொல்லுக்குப் பின்னால ஒரு விகுதி வால் மாதிரி ஒட்டியிருக்கு. வாலில்லாம எங்கயாவது இருந்தா, அது இரவல் இல்ல, நம்ம சொந்தச் சொல். அந்த வாலில்லாத சொல்லை நானே ஊகிச்சு எழுதி, முன்னால நட்சத்திரம் போட்டேன். யாரும் காதால கேட்டதில்லைன்னு அர்த்தம். அப்புறம்தான் ஆபீஸ் பெட்டியில நீங்க எழுதின சொல் அட்டை கிடைச்சுது. ஐம்பத்தெட்டுல, ஒல்ஷாவ்கால, பரஸ்காங்கிற அம்மா, லெம்கோன்னு மலையில இருந்த சின்ன ஸ்லாவ் இனம், அவங்க வாயால கேட்டு எழுதினது.

– ஆமா. நட்சத்திரத்தை எடுத்துட்டு ஆபீஸுக்கே கேக் வாங்கிக் குடுத்தீங்க.

– அகராதி திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது. அந்தம்மாவோட பிள்ளைகளுக்கு ஒரு நன்றி சொல்லலாம்னு போனா, ஆடு மேய்க்கிறவன் சிரிக்கிறான். லெம்கோங்கிற ஒரே காரணத்துக்காக நாப்பத்தேழுலயே ராணுவம் ஊரையே காலி பண்ணி ரயிலேத்திடுச்சாம். பதினொரு வருஷம் கழிச்சு நீங்க யார்கிட்ட கேட்டீங்க?

– அட, விடுங்க சார்.

– எப்படி விடறது? அட்டை பொய்னா என் இருபத்திரண்டு வருஷமும் போச்சு. எனக்கு வேற யாரு இருக்கா, என்ன இருக்கு? நீங்களா கட்டின சொல்லா?

– சொல் நிஜம் சார். எங்க கிழங்குத் தோட்டத்துல தினம் கேட்ட சொல். நான் ஒல்ஷாவ்காக்காரி.

– நீங்க லெம்கோவா? முப்பது வருஷமா எதிர் மேஜையில உக்காந்துக்கிட்டு...

– பயம் சார். என் வீட்டுக்காரர் சாகிற வரைக்கும் அவர்கிட்டகூடச் சொல்லல. எங்க பேச்சுல ஒரு வார்த்தை பேச எனக்கு ஆளில்ல. தாங்க முடியாம ஒருநாள் அட்டைகிட்ட சொல்லிட்டேன்.

– அப்ப சாட்சி நீங்கதான். உங்க பேரைப் போட்டாத்தான் அந்தச் சொல் நிக்கும். பரஸ்கா பேரை அடிச்சுடறேன்.

– என் பேரைப் போட்டுக்கோங்க, தெரிஞ்சா தெரியட்டும். அவ பேரை மட்டும் அடிக்காதீங்க சார்.

– இல்லாத ஆள்தானே? எழுபது வயசுன்னு வேற எழுதியிருக்கீங்க.

– எங்க அம்மா சார். முப்பத்தாறு வயசுல, அந்த ரயில்லயே செத்துப்போயிட்டா. அட்டையிலயாவது கிழவியாகட்டும்னு எழுதினேன்.