இடது குழலின் சத்தம்

பழைய சாமான் வாங்கப் போகும்போது எங்கள் சனம் தனியே போவதில்லை. கார் என்றால் எஞ்சின் சத்தம் தெரிந்த ஒருவர், வீடு என்றால் கூரையேறிப் பார்க்கக்கூடிய ஒருவர், இவர்களோடு எப்போதும் ஆங்கிலம் பேசத் தெரிந்த இன்னொருவர். அந்த இன்னொருவர் நான். பத்து வருடமாகக் கனடாவில், இந்த ஸ்காபரோவில், எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் நின்று பேசிக் கொடுத்திருக்கிறேன். ஒருவரிடமும் காசு வாங்கியதில்லை. தேத்தண்ணி குடிப்பேன், அதுவும் சீனி குறைவாக.

என் பெயர் இரத்தினவேல். பேசிக் கொடுப்பதுதான் என் தொழிலும். அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளர். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று ஒவ்வொரு நாளும் சத்தியம் செய்துவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும். போன செப்டெம்பரில் இறந்த கிறிஸ்துநாயகத்தைப் பற்றிப் பொலிஸ்காரர் நீங்கள் என்னை ஏற்கெனவே ஒருமுறை விசாரித்தீர்கள். அப்போது ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். இந்த முறை தமிழில் எழுதித் தருகிறேன். ஆங்கிலத்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே கெட்டிக்காரன்.

நாயகம் மன்னார்ப் பக்கத்து ஆள். மல்வேர்னில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் வரிசையாக ஒட்டியிருந்த ரவுன்ஹவுஸ் ஒன்றில் மனைவி றோஸ்மேரியுடன் குடியிருந்தான். பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை. வயலுக்குள் பன்றி இறங்காமல் காக்க அவன் தகப்பன் லைசென்ஸ் எடுத்துத் துவக்கு வைத்திருந்தவர். அந்தப் பழக்கத்தில் இவனுக்கும் துவக்கென்றால் உயிர். இங்கே முறைப்படி வகுப்புக்குப் போய், வாங்குவதற்கான அனுமதிப் பத்திரமும் எடுத்திருந்தான். புதுத் துவக்குகளை அவன் திரும்பியும் பார்க்க மாட்டான். மூன்று குழல் உள்ளது, பக்கத்தில் நெம்பித் திறப்பது என்று கடைக்காரன் வேண்டாமென்று தள்ளுகிற விசித்திரங்கள்தான் அவனுக்கு வேண்டும். பேப்பரில் விளம்பரம் கண்டால் உடனே எனக்குப் போன் வரும்.

"அண்ணை, ஒண்டு கிடக்கு. வாறியளே, ஒருக்காப் பாத்திட்டு வருவம்?"

அவன் பார்க்கிற விதம் எனக்குப் பிடிக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை. முதலில் திருகாணிகளின் தலையைப் பார்ப்பான். அது சிதைந்திருந்தால் கண்டவனும் கழற்றிப் பூட்டியிருக்கிறான் என்று அர்த்தம். பிறகு குழல்களைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே துருக் குழி இருக்கிறதா என்று பார்ப்பான். கடைசியாகக் குழல்களை ஒரு விரலில் தொங்கவிட்டு, மற்றக் கையின் விரல்மொளியால் தட்டிக் காது கொடுப்பான். மணி மாதிரிக் கேட்டால் விலை பேசலாம். தகரம் மாதிரிக் கேட்டால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பலாம். இப்படிப் பதினொரு துவக்குகள் பார்த்து இரண்டைத்தான் வாங்கினான். வாங்கிய இரண்டையும் அடுத்த கிழமையே கொண்டுபோய்ச் சுட்டும் பார்த்தான். சுடாத துவக்கை வைத்திருப்பது கறக்காத மாட்டைக் கட்டி வைத்திருப்பது போல என்பான். அவன் வாங்கினால் சுடுவான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குள் பழக்கம் வந்தது அவன் தங்கை எமில்டாவால். தொண்ணூற்று மூன்றில் அவளுடைய அகதி விசாரணைக்கு நான்தான் மொழிபெயர்த்தேன். அவளை நம்ப முடியாது என்று மறுத்துவிட்டார்கள். திருப்பி அனுப்பினார்கள். கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தவளை ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன்பிறகு ஒரு செய்தியும் இல்லை.

நாயகம் என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. "நீங்கள் என்ன செய்யிறது அண்ணை, அவள் சொன்னதைத்தானே சொன்னனீங்கள்" என்பான். அந்தப் பேச்சுத்தான் என்னை அரித்தது. ஏனென்றால் அந்த மாதத்து விசாரணை ஒன்றில் நான் ஒரு வசனத்தை விட்டிருந்தேன். ஆமி தன்னை இரண்டாம் முறையும் பிடித்துப் பதினொரு நாள் வைத்திருந்தது என்று அந்தப் பெண் சொன்னாள். நான் வாய் திறக்குமுன் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள். நானும் அடுத்ததற்குப் போய்விட்டேன். தண்ணீர் குடிக்கும்போதுதான் விட்டது தெரிந்தது. கையை உயர்த்தி ஒரு வசனம் தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வசனம் விடுகிற மொழிபெயர்ப்பாளனை அடுத்த மாதம் யார் கூப்பிடுவார்கள்? பேசாமல் இருந்துவிட்டேன். எமில்டாவை மறுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், அந்த வசனம் அவளுடையதுதான் என்று எனக்கு விளங்கிவிட்டது.

போன வருடம் ஆடி மாதம் நாயகம் என் வீட்டுக்கு வந்து, மிகச் சாதாரணமாக இப்படிச் சொன்னான். "எமில்டான்ர விசாரணையைப் பதிஞ்ச ரேப் கசற்றுக்கு எழுதிப் போட்டனான் அண்ணை. வந்திட்டுது. இப்ப பின்னேர வகுப்புக்குப் போறன்தானே, இங்கிலிஷ் இன்னும் கொஞ்சம் பிடிபட்டால் ஆறுதலா இருந்து முழுக்கக் கேக்கவேணும்."

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதிரையில் இருந்தால் மனம் எழும்பச் சொல்லும், எழும்பினால் ஜன்னலடிக்குப் போகச் சொல்லும். ஜன்னலில் நின்றால் அவன் வீடுதான் தெரியும். அவனுடைய ஆங்கிலத்தை எடைபோடுவதே எனக்கு வேலையாகிப்போனது. பஸ் சாரதியிடம் ஒரு முழுக் கேள்வி கேட்டான். அடுத்த கிழமை கடையில் காசு வாங்குகிற பெண்ணைச் சிரிக்க வைத்தான். நான் கற்றுத் தரட்டுமா என்று கேட்டேன். வகுப்பு நல்லாப் போகுது அண்ணை, உங்களுக்கேன் கரைச்சல் என்றான். கெட்டிக்காரன். கிறிஸ்மஸுக்குள் எல்லாம் விளங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

செப்டெம்பர் தொடக்கத்தில் ஒரு துவக்குப் பார்க்க விட்பி என்கிற ஊருக்குப் போனோம். துவக்கு வைத்திருந்தவர் தனியாக இருந்த ஒரு முதியவர். மரியாதையான மனிதர். அது அவர் தகப்பனுடைய இரட்டைக் குழல், நூறு வருடத்துக்கு மேல் பழையது. திறக்கிற நெம்பு மேலே இல்லாமல் பக்கத்தில் இருந்தது. நாயகம் அப்படியொன்றை விளம்பரங்களில் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தான். திருகாணிகள் சுத்தம். உள்ளே கண்ணாடி போல் இருந்தது. தொங்கவிட்டுத் தட்டினான். வலது பக்கம் மணி. இடது பக்கம் அடியில் தட்டும்போது சத்தம் செத்துப்போயிற்று. மூன்று தரம் தட்டினான். அவன் முகம் மாறியது.

"இடப் பக்கம் மந்தமாய்க் கேக்குது அண்ணை. ஏனெண்டு ஐயாவைக் கேளுங்கோ."

கேட்டேன். முதியவர் ஒளிக்காமல் சொன்னார். தன் தகப்பன் காலத்தில் இடது குழல் அடியில் வெடித்தது, பித்தளை உருக்கி ஒட்டி மேலே நிறம் பூசியிருக்கிறது, இனி ஒருநாளும் சுடவே கூடாது, சுவரில் கொழுவி அழகு பார்க்கத்தான் இந்த விலைக்குக் கொடுக்கிறேன் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. உங்களுக்கும் அவர் அதையேதான் சொல்லியிருக்கிறார்.

நான் நாயகத்திடம் திரும்பினேன். "ரெண்டு குழலையும் பொருத்தின ஈயம் விட்டுப்போய்த் திருப்பி ஒட்டினதாம். அதுதான் சத்தம் மந்தம். வேற ஒண்டுமில்லை."

அவன் காது சரியாகத்தான் சொன்னது. அவன் என் வாயை நம்பினான். முதியவர் திரும்பவும் என்னைப் பார்த்து, அவருக்கு விளங்கியதா என்று கேட்டார். நன்றாக விளங்கியது என்றேன். பத்திரத்தைக் காட்டி, காசைக் கொடுத்து, கை குலுக்கிவிட்டு வந்தோம்.

இதுவரைக்கும் ஒரு வசனத்தை மாற்றியதுதான் என் குற்றம் என்று நீங்கள் எழுதக்கூடும். திரும்பி வருகிற வழியில் காரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அவன்தான் ஓட்டினான்.

"அண்ணை, ஐயா 'நெவர்' எண்டு ரெண்டு தரம் சொன்னவர் எல்லே?"

"ஓம். தான் ஒருநாளும் விக்க நினைச்சதில்லையாம். தகப்பன்ர சாமானெல்லோ."

"சுவர் எண்டும் என்னவோ சொன்னவர்."

"இவ்வளவு காலமும் சுவரிலதான் கொழுவியிருந்ததாம்."

"பாத்தியளே, அரைவாசி எனக்கும் விளங்குது" என்று சிரித்தான். "ஆனாலும் நீங்கள் பக்கத்தில இல்லாட்டி நான் பிழையாத்தான் விளங்கியிருப்பன். சுடவேண்டாமெண்டு சொல்லுறாரோ எண்டு ஒரு நிமிசம் பயந்திட்டன்."

நான் பயப்பட ஒன்றுமில்லை என்றேன்.

அடுத்த சனிக்கிழமை அவன் வேலைத்தலத்து நண்பன் ஒருவனின் பண்ணையில் வாத்துச் சுடப் போவதாக இருந்தது. நடுவில் ஒரு கிழமை இருந்தது. புதன்கிழமை நான் போன் எடுத்தேன். றோஸ்மேரி எடுத்தாள். அவன் குளிக்கிறான், என்ன விஷயம் அண்ணை என்று கேட்டாள். ஒன்றுமில்லை, சும்மாதான் என்று வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமையும் ரிசீவரைக் கையில் எடுத்து, இலக்கத்தின் கடைசி எண்ணை அழுத்தாமல் நின்றேன். எனக்கு மனம் இல்லை என்று நினைக்க வேண்டாம். அந்தக் கிழமை நான் ஒழுங்காகச் சாப்பிடவே இல்லை.

சனிக்கிழமை காலையில் இடது குழல் அடியில் பிளந்தது. பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து றோஸ்மேரி என்னைத்தான் கூப்பிட்டாள், டொக்ரர் சொல்வது தனக்கு விளங்கவில்லை என்று. போனேன். கையைப் பற்றியும் கழுத்தைப் பற்றியும், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்பதையும் டொக்ரர் சொல்லச் சொல்ல அவளுக்குத் தமிழில் சொன்னேன். ஒரு சொல்லும் விடவில்லை. அவள் என் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, அது நடிப்பில்லை.

பிறகு நீங்கள் வந்தீர்கள். விற்றவர் தான் எச்சரித்ததைச் சொன்னார். நான் அதை அப்படியே மொழிபெயர்த்ததாகச் சொன்னேன். அவர் சொன்னதும் நான் சொன்னதும் பொருந்தின. நாயகம் பிடிவாதக்காரன், சொல்லுக் கேட்காமல் சுட்டிருக்கிறான் என்று ஊரும் முடிவு கட்டியது. நானும் தலையாட்டினேன்.

போன மாதம் றோஸ்மேரி அந்த ரேப்பையும் ஒரு சின்ன ரெக்கோடரையும் கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். குசினி மேசையில் வைத்துப் போட்டோம். எமில்டாவின் குரல் வந்தது. பிறகு என் குரல். ஆமி இரண்டாம் முறை பிடித்ததை அவளும் சொன்னாள். ஆனால் பதினொரு நாள் இல்லை, நாலு நாள். என் குரல் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னது. நாலு நாளும் வந்தது. திருப்பிப் போட்டுக் கேட்டேன். ஒன்றும் விடுபடவில்லை.

"எல்லாம் சரியாச் சொல்லியிருக்கிறியளே அண்ணை?" என்று றோஸ்மேரி கேட்டாள்.

"ஓம். எல்லாம் சரி."

"அவருக்கு அதில சந்தேகம் இருக்கேல்லை. அவளின்ர குரல் உதில மட்டும்தான் மிச்சம். அதைக் கேக்கத்தான் எடுப்பிச்சவர். அவளிட்ட என்னென்ன கேட்டவங்களெண்டு தெரிஞ்சுகொண்டு கேக்கவேணுமெண்டுதான் இங்கிலிஷ் படிச்சவர்." முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னொருக்காப் போடச் சொன்னாள். போட்டேன்.

அவள் போன பிறகு எனக்குப் பழையபடி இருப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே வந்திருக்கிறேன். நாயகத்தை நான் கொன்றேன். தெரிந்துதான் செய்தேன். எங்கே வேண்டுமோ அங்கே கையெழுத்து வைக்கிறேன், அதில் எனக்கு வழக்கில்லை. எனக்கு வேண்டியது வேறு. வசனத்தை நான் விட்டது நிச்சயம். தண்ணீர்க் கோப்பை கையில் இருந்தது வரைக்கும் நினைவிருக்கிறது. அது எமில்டாவுடையது இல்லை என்றால் வேறொருத்தியுடையது. அந்த மாதம் எனக்கு வந்த பெண்கள் ஏழு பேர். எமில்டா போக ஆறு. அந்த ஆறு ரேப்பையும் கேட்டு வாங்க எனக்கு உரிமையில்லை, உங்களால் முடியும். தயவுசெய்து எடுத்துத் தாருங்கள், இருந்து கேட்டுக் கண்டுபிடித்துவிடுவேன். பிழை என்று தெரிந்த பிறகு அதைத் திருத்தாமல் விடுகிற ஆள் நான் இல்லை.