அரைச் செங்கல்

டீயைக் குடியுங்கள், இன்ஸ்பெக்டர் சார். இஞ்சி தட்டிப் போட்டது. என் கடையில் யாருக்கும் ஆறின டீ கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

ஞானபாயைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? பரிமாறுவதில் கெட்டிக்காரி. அவள் புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு வேலை கொடுத்தது நான்தான். சாப்பிட வருகிறவர்கள் அவளுக்கென்றே பத்து, இருபது வைத்துவிட்டுப் போவார்கள். அந்த டிப்ஸைக் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பனிமய மாதா உண்டியலில் போட்டுவிட வேண்டும். எங்கள் கடை வழக்கம் அது. திருவிழாவுக்கு உடைத்து, அதிலிருந்து எல்லோருக்கும் புதுத்துணியும் ஏதோ கொஞ்சம் கைக்காசும் கொடுப்பேன். அரசாங்கம் சொல்கிற குறைந்தபட்சக் கூலியில் பாதிதான் நான் கொடுத்தேன். மறுக்கவில்லை. மீதியை மாதா பார்த்துக்கொண்டாள். மாதாவிடம் போய் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

இவள் கேட்டாள். "மாதா ஒண்ணும் எடுக்கல அண்ணாச்சி, நீங்கதான் எடுக்குதிய. டிப்ஸு எங்களுக்கு வந்த காசு. கூலி வேற. ரெண்டையும் தாங்க."

எல்லோர் முன்னாலும் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்வது என்றால் இதுதானே? அதோடு விட்டாளா, தொழிலாளர் துறைக்கு மனுவும் போட்டாள். அவள் வாய் திறந்தால் மற்றவர்களும் திறப்பார்கள். அப்புறம் கடைக்குப் பூட்டுதான்.

அதிகாரி வருகிற சாயங்காலம், "ஏளா, உள்ள போயி சீலா மீனு எடுத்துட்டு வா" என்று அவளைக் குளிர் அறைக்கு அனுப்பினேன். அந்தக் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து ரொம்ப நாளாகிறது. உள்ளே போகிறவர்கள் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஓர் அரைச் செங்கல்லை இடுக்கில் வைத்துவிட்டுப் போவார்கள். அவளும் வைத்தாள். நான் அதைக் காலால் நகர்த்தினேன்.

அதிகாரி அவள் பெயரைச் சொல்லிக் கேட்டார். லீவு என்றேன். அப்போது உள்ளேயிருந்து தட்ட ஆரம்பித்தாள். பரோட்டாக் கல்லில் நின்ற ரெக்சனிடம், "ஏலே, நாலு கொத்து போடு" என்றேன். கொத்துப் பரோட்டா போடுகிற சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, குறை ஒன்றும் இல்லை என்றார்கள். அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனதும் திறக்கலாம் என்றுதான் இருந்தேன். என் கோபம் கொஞ்சம் ஆறட்டும் என்று நினைத்தேன். வேலைக்காரர்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டு, அந்தக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன். அவளுக்காகத்தான் சொன்னேன். விடிந்த பிறகு திறந்தேன்.

அவள் மகள் ஜெஸ்லினைக் கேட்டுப் பாருங்கள். அம்மாவின் கடைசி நாளுக்கு, அரசாங்கம் சொன்ன கூலியை ஒரு பைசா குறையாமல் என் கையாலேயே கொடுத்தேன். தட்டுகிற சத்தம் நின்ற நேரம் வரைக்கும் ஓவர்டைமும் சேர்த்துப் போட்டிருக்கிறேன். நான் யார் வயிற்றிலும் அடிக்கிறவன் இல்லை, சார்.