அனலைதீவு விலாசம்

அனலைதீவிலிருந்து ஊர்காவற்றுறைக்கு வரும் காலை வள்ளத்தில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் சொன்னது காதில் விழுந்தது.

"அக்கா, வள்ளத்தாலைதான் எனக்கு வேலை கிடைச்சது."

மற்றவர் விண்ணப்பங்கள் தட்டச்சு செய்து கொடுப்பவர் என்பது பேச்சில் தெரிந்தது.

"முந்தி நாலு இடத்துக்கும் யாழ்ப்பாணத்துச் சித்தியின்ரை விலாசம்தானே போட்டனான். தீவுப் பிள்ளையெண்டால் கடல் பொங்கினா வராதெண்டு எடுக்கமாட்டினம் எண்ட பயம். ஒருத்தரும் கூப்பிடேல்லை."

"நானும் அடிச்சு அடிச்சுக் களைச்சுப்போனன்."

"நீங்கள்தானே அனலைதீவெண்டே போடச் சொன்னனீங்கள். இரண்டு வருசம் வள்ளத்திலை பள்ளிக்கூடம் போய் ஒருநாளும் பிந்தேல்லை எண்டும் எழுதினனீங்கள். மருந்துக்கடை முதலாளி அந்த வரியைத்தான் வாசிச்சுக் காட்டினவர். படிச்ச சேட்டிபிக்கற் எல்லாரிட்டையும் இருக்காம், நேரத்துக்கு வாற ஆள்தான் இல்லையாம். இண்டைக்குத்தான் வேலைக்கு முதல் நாள்."

"நீர் சொன்னதைத்தான் நான் எழுதினனான்."

"நீங்கள் கேட்டபடியால்தானே சொன்னனான். வேறை ஒருத்தரும் கேக்கேல்லை." அவள் குரல் உடைந்தது.

"அழாதையும். முதல் நாளே முகம் வீங்கிப் போய் நிண்டால் அந்தாள் என்ன நினைக்கும்?"

அவள் அக்காவின் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.