போட்டி முடியற வரைக்கும்

– சவுலோட தகப்பன் பேரு?

– கீஸ்.

– முழுசா சொல்லு பாப்பா. மேடையில இப்படி ஒத்தை வார்த்தையாத் துப்பினா நடுவர் மார்க்கைக் குறைச்சிடுவாரு.

– சவுலின் தகப்பன் பெயர் கீஸ், ஐயா.

– அப்படித்தான். இடது கைப் பழக்கம் உள்ள நியாயாதிபதி?

– இடது கைப் பழக்கம் உள்ள நியாயாதிபதி ஏகூத், ஐயா. அம்மா, நீ ஐயாவா?

– இன்னைக்கு ஐயாதான். மெத்தூசலாவோட தகப்பன்?

– மெத்தூசலாவின் தகப்பன் ஏனோக்கு, ஐயா. அப்பா, ஏசியைக் கொஞ்சம் குறைங்களேன். விரல் எல்லாம் விறைக்குது.

– வாலு, ஊரு பூரா ஏசி ரிப்பேர் பண்றவன் கார்ல ரெண்டே நிலைதான். ஒண்ணு குளிர் ஜுரம், இல்லாட்டி அடுப்பு. உனக்கு எது வேணும்?

– ஜுரமே இருக்கட்டும்பா.

– அப்ப வாயை மூடிக்கிட்டு நடுங்கு.

– பாப்பா, வழி இதுதானான்னு உங்கப்பாகிட்ட கேளு.

– அப்பா, அம்மா கேக்கறாங்க. வழி இதுதானா?

– இதுதான்னு சொல்லு.

– அம்மா, இதுதானாம்.

– கேட்டுச்சு. சரி, பழைய ஏற்பாடு போதும். புதிய ஏற்பாடு அவரோட பங்கு. கேக்கச் சொல்லு.

– வண்டி ஓட்டிக்கிட்டா? ம், சரி. சகேயு ஏறினது என்ன மரம்?

– சகேயு ஏறியது காட்டத்தி மரம், ஐயா.

– பவுல் பிரசங்கம் பண்ணும்போது ஜன்னல்ல உக்காந்து தூங்கி, கீழ விழுந்தது யாரு?

– ஐத்திகு, ஐயா.

– அவன் நம்ம ஆளு. பிரசங்கம்னா எனக்கும் அப்படித்தான் கண்ணைச் சொக்கும்.

– பிள்ளைக்கு நல்லாத்தான் சொல்லிக் கொடுக்கறீங்க.

– அப்பா, பதில் மறந்துட்டா என்ன பண்றது?

– கேள்வியைத் திருப்பிச் சொல்லச் சொல்லு. ஒரு தடவை கேக்கலாம், அதுக்கு அனுமதி இருக்கு. அவரு திருப்பி வாசிக்கறதுக்குள்ள நீ யோசிச்சுக்கலாம்ல.

– அம்மா, போன வருஷம் கோப்பை வாங்கினானே, சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட பையன், அவனும் இன்னைக்கு வருவானா?

– வர முடியாது. கோப்பை வாங்கினவங்க மறுபடி மேடை ஏறக் கூடாது. விதியே அதுதான். இல்லாட்டி ஒரே பிள்ளை வருஷா வருஷம் தட்டிக்கிட்டுப் போயிடும்ல.

– தோத்தவங்க?

– பன்னெண்டு வயசு வரைக்கும் எத்தனை தடவை வேணா வரலாம். போகும்போதே தோக்கறதைப் பத்தி என்ன பேச்சு உனக்கு?

– சும்மாதான்மா கேட்டேன்.

*

– மறுபடி உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களா?

– ம். கடைசிச் சுத்துக்கு ரெண்டே பேருதான் மிச்சம். நம்ம பாப்பாவும் அந்த ரெட்டைச் சடைப் பொண்ணும்.

– உக்காரலாமா?

– கடைசி வரிசையில உக்காருங்க. பெத்தவங்க முன்னாடி உக்காந்தா பிள்ளைக்குச் சைகை காட்டுவாங்களாம். அந்தப் பக்கம். நடுவுல ஒரு நாற்காலி விடுங்க, பை வைக்கணும்.

– பை உன் மடியிலதானே இருக்கு.

– இருந்தா என்ன?

– ஒண்ணும் இல்ல. தள்ளியே உக்காந்துக்கறேன்.

– சாமானெல்லாம் எடுத்து வெச்சாச்சா?

– டூல் பாக்ஸ் எப்பவும் டிக்கியிலதான் இருக்கு. துணி ஒரே ஒரு பை. கட்டிலை ரூம்காரங்களே தர்றாங்க.

– இஸ்திரிப் பெட்டியையும் எடுத்துட்டுப் போங்க.

– உனக்கு வேணாமா?

– பல் வலின்னு கிளினிக்குக்கு வர்றவன் என் யூனிஃபார்ம் கசங்கியிருக்கறதையா பாக்கப் போறான்?

– அவகிட்ட எப்ப சொல்றது?

– வீட்டுக்குப் போனதும். போட்டி முடியற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னுதானே பேச்சு. இன்னைக்கோட முடிஞ்சிடும்.

– நம்ம சபையில நடந்த முதல் போட்டியிலயே திரும்பி வந்துடுவான்னு நெனச்சேன். அன்னைக்கே தோத்திருந்தா எல்லாம் எப்பவோ முடிஞ்சிருக்கும்.

– நான் மட்டும் என்ன, இவ இவ்வளவு தூரம் வருவான்னு கனவா கண்டேன்? வசனம் படின்னு சொன்னா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டு படுக்கற பிள்ளை. இப்ப பைபிளைத் தலையணைக்குக் கீழ வெச்சுக்கிட்டுத் தூங்கறா. திடீர்னு எங்க இருந்துதான் வந்துச்சோ.

– கர்த்தர் குடுத்த ஞானமா இருக்கும்.

– கிண்டல் பண்றீங்களா?

– கிண்டல் பண்ணத் தெம்பு வேணும். அது எங்க இருக்கு?

– எனக்கு அழுகைகூட வர மாட்டேங்குது. பாஸ்டர் நம்ம ரெண்டு பேரையும் உக்கார வெச்சுப் பேசினாரே, அப்பகூட வரல. பல் பிடுங்கறதுக்கு ஊசி போடுவோம்ல, அந்த மாதிரி இருக்கு. உதட்டை நாமளே கடிச்சுக்கிட்டாலும் தெரியாது.

– எனக்கும் அதேதான். சண்டை போட்டப்பவாவது ஏதோ ஒண்ணு இருந்துச்சு.

– ம்.

– புதிய ஏற்பாட்டை நான் போன்லயே கேக்கறேன். சனிக்கிழமை சனிக்கிழமை.

– கேளுங்க.

– நீ என்னை ‘என்னங்க’ன்னு கூப்பிட்டே ரொம்ப நாளாச்சு.

– ஷ். வந்துட்டாங்க. பாருங்க, பாப்பா எவ்வளவு நேரா நிக்கறான்னு.

– மைக் அவளுக்கு எட்டவே இல்ல. யாராவது இறக்கிக் குடுங்கப்பா.

– அந்தப் பொண்ணு ஒரு கேள்வியை விட்டுடுச்சு. பாப்பா இதைச் சொல்லிட்டாப் போதும், கோப்பை அவளுக்குத்தான்.

– என்ன கேக்கறாரு? சரியாக் கேக்கல.

– ரூத்தோட மாமியார் பேரு. ஸ்தோத்திரம்! இதைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவா.

– ஏன் பேசாம நிக்கறா?

– கேள்வியைத் திருப்பிச் சொல்லச் சொல்றா.

– நான்தான் சொல்லிக் குடுத்தேன். யோசிக்கறா போல.

– இதுல யோசிக்க என்ன இருக்கு? சொல்லுடி, சொல்லு…

– என்ன சொன்னா?

– ‘தெரியாது, ஐயா’ன்னு சொல்றா.

*

– பெல்ட் போட்டியா வாலு?

– போட்டேன்பா.

– இந்தா, ஜூஸ் குடி.

– வேணாம்.

– நகோமி, பாப்பா! நகோமி! சண்டே ஸ்கூல் நாடகத்துல ரூத்தா நடிச்சதே நீதானே. என் சேலையைச் சுத்திக்கிட்டு, நகோமி காலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, திரை போட்ட பிறகும் விட மாட்டேன்னு நின்னியே.

– விடு. மேடையில ஏறினா பெரியவங்களுக்கே நாக்கு ஒட்டிக்கும். பயத்துல மறந்திருக்கும்.

– மறக்கலப்பா.

– மறக்கலையா?

– கேள்வியைத் திருப்பிச் சொல்றதுக்குள்ள யோசிச்சுக்கலாம்னு சொன்னீங்கள்ல. யோசிச்சேன்.

– யோசிச்சு?

– தெரியாதுன்னு சொல்லிட்டேன்.

– ஏண்டி? ராப்பகலாப் படிச்சியே. கை நீட்டினா கோப்பை. அடுத்த கேள்விக்குப் பதில் சொல்லி அந்தப் பொண்ணு அதைத் தட்டிக்கிட்டுப் போயிடுச்சு. அங்க போய் நின்னுக்கிட்டு இப்படியா பண்ணுவே?

– திட்டாதே அவளை.

– திட்டல. எனக்குப் புரியல, கேக்கறேன்.

– வாலு, அந்த ரெட்டைச் சடைப் பொண்ணு மேல பாவப்பட்டு விட்டுக் குடுத்தியா?

– இல்லப்பா. அவ உள்ள என்னைப் பாத்து நாக்கைத் துருத்தினா.

– வண்டியை ஓரமா நிறுத்துங்க.

– என்னாச்சு?

– நிறுத்துங்க. சொல்லிடலாம். வீடு வரைக்கும் இதைச் சுமந்துக்கிட்டு வர என்னால முடியாது. போட்டிதான் முடிஞ்சிடுச்சே.

– சரி. நிறுத்திட்டேன். வாலு, இப்படித் திரும்பி அப்பாவைப் பாரு. அப்பாவும் அம்மாவும் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

– சொல்லக் கூடாது.

– என்ன சொல்லப் போறோம்னு உனக்கு எப்படித் தெரியும்?

– அப்பாவோட பை டிக்கியில இருக்கு. அப்பா வேற ரூமுக்குப் போகப் போறாங்க. போட்டி முடியற வரைக்கும் எங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்கீங்க.

– யாரு சொன்னா உனக்கு?

– அம்மாதான். பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு பெரியம்மாகிட்ட போன்ல பேசினாங்க. தண்ணிச் சத்தத்துல வெளிய கேக்காதுன்னு நெனச்சுக்கிட்டாங்க.

– எப்ப பாப்பா? என்னைக்கு?

– சபையில முதல் போட்டி வைக்கறதுக்கு முன்னாடி. அன்னைக்கு ராத்திரிதான் படிக்க ஆரம்பிச்சேன்.

– என்னங்க…

– கேக்குது. வாலு, எப்படி இருந்தாலும் இன்னைக்குப் போட்டி முடிஞ்சிடுச்சுடா.

– ஜெயிச்சிருந்தாத்தான்பா முடிஞ்சிருக்கும். தோத்தவங்க அடுத்த வருஷமும் வரலாம்.