மூன்று படிகளுக்கும் ஒரே நிறம்

இந்த அறைக்கு இளம்பச்சை பொருந்தவில்லை, சார். தப்பாக நினைக்காதீர்கள். வெயில் நேராக விழாத அறையில் பச்சை அடித்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவன் முகம் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் முகம் மாதிரி ஆகிவிடும். வாக்குமூலம் எழுதுகிறவர் யார், குற்றவாளி யார் என்று வித்தியாசமே தெரியாது. வெளிர் மஞ்சள் அடித்துப் பாருங்கள். தரையை மட்டும் மாற்றாதீர்கள். கறுப்பு சிமெண்டு, வாசற்படி விளிம்பில் வெள்ளைக் கோடு. நல்ல தரை. எது எங்கே முடிகிறது என்று தெரிகிறது.

இதெல்லாம் எங்கள் வீட்டைப் புதுப்பித்தபோது கற்றுக்கொண்டது. எங்கள் வீடு என்றால் என் மாமனார் வீடு. நான் வீட்டோடு மாப்பிள்ளை. அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது ஒரு பல் தேய்க்கும் பிரஷ். அதையும் அவர்தான் வாங்கித் தந்திருந்தார்.

மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கண் பார்வை ஓரங்களிலிருந்து மங்கி மங்கி, கடைசியில் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே ஒரு கோடு இருந்தால் அது மட்டும் தெரியும் என்ற நிலைக்கு வந்திருந்தார். ஹாலிலிருந்து சமையலறைக்கு இறங்க மூன்று படிகள். பழைய தரை இருண்ட சிவப்பு. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் என் மனைவி தன் கையால் மஞ்சள் பெயிண்ட் பூசி வைத்திருந்தாள். மங்க மங்க மறுபடி பூசுவாள். எனக்குத் தலைவலி வந்தால் தைலம் எங்கே இருக்கிறது என்று சொல்வாள். அவ்வளவுதான். குறையாகச் சொல்லவில்லை, சார். வரிசை அப்படி.

எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. பெரிய பதவி, குடியிருக்கத் தனி வீடு. அந்த வீட்டின் படத்தைப் போனில் அவளிடம் காட்டினேன். பால்கனியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அப்புறம் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா இருக்கற வரைக்கும் நான் எங்கயும் வர முடியாதுங்க."

அவரையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் கெட்டவன் இல்லை. கேட்டும் பார்த்தேன்.

"இந்த வீட்ல எனக்குக் கண்ணு எதுக்கு மாப்ளே? காலு போதும். வேற வீட்டுக்குப் போனாத்தான் நான் குருடன்" என்றார்.

"எல்லாம் பழகிடும், மாமா."

"பிரேக்கை என்ன குனிஞ்சு பார்த்தா மிதிச்சேன்? எங்க இருக்குன்னு காலுக்குத் தெரியும். இருந்த இடத்துல இருக்கற வரைக்கும் தப்பாது."

கிழவர் வீம்பு என்று விட்டுவிட்டேன். என் பிழை அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் யோசித்துத்தான் செய்தேன்.

தூக்கம் போய்விட்டது. விட்டத்தைப் பார்த்தபடி அவள் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்ப்பேன். 'எங்கயும் வர முடியாது' என்பது சுவர். 'இருக்கற வரைக்கும்' என்பது கதவு. அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு காலையில், வீட்டைப் புதுப்பிக்கலாமா என்று கேட்டேன். அவள் பூரித்துப்போனாள். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். நான் இரண்டாவதைப் பண்ணிவிட்டதால் முதலாவதில் பாதி பண்ணத் துணிந்தேன்.

டைல்ஸ் கடையில் இருந்த பெண் கெட்டிக்காரி. இரண்டு கற்களை வைத்துக்கொண்டு, "இது சொரசொரப்பு, இது பளபளப்பு. வயசானவங்க இருந்தா சொரசொரப்பு எடுங்க சார்" என்றாள். எங்கள் வீட்டில் வயசானவர் யாரும் இல்லை என்றேன். பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

பளபளப்பில் ஐவரி எடுத்தேன். ஹாலுக்கு ஐவரி, மூன்று படிகளுக்கும் ஐவரி, கீழே சமையலறைக்கும் ஐவரி. சுவருக்கும் அதே நிறம்தான். ஒரே நிறமாக இருந்தால் இடம் பெரிதாகத் தெரியும். இது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

"என்ன கலரு மாப்ளே?" என்று மாமனார் கேட்டார்.

"ஐவரி, மாமா."

"அப்படின்னா?"

"யானைத் தந்தம்."

"சரிதான். ஏற்கெனவே ஒண்ணைக் கட்டித் தீனி போடறோம். இப்ப தந்தம் வேறயா?"

பெயிண்டர் ஏணியிலிருந்து விழுந்துவிடுவாரோ என்கிற அளவுக்குச் சிரித்தார். நானும் சிரித்தேன். மாமனார் நகைச்சுவையாகப் பேசக்கூடியவர். அதை மறைக்க விரும்பவில்லை.

என் மனைவிக்கு மட்டும் ஒரு உறுத்தல். "ஏங்க, படி ஓரத்துல கறுப்புப் பட்டை வச்சிரலாமே. அப்பாவுக்குத் தெரியுமில்ல?" என்றாள். அழகு கெட்டுவிடும், முதலில் பூச்சு காயட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன். அவளே கடைக்குப் போய்க் கறுப்பு நாடா ஒரு சுருள் வாங்கி வந்தாள். அது இப்போது ஆபீசில் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பிரிக்கவே இல்லை.

வேலை முடிந்ததும் டைல்ஸ்காரர் ஹாலின் நடுவில் நின்று, இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "படி இருக்கறதே தெரியல சார்!" என்றார். அந்த வீட்டில் யாரும் என்னை அதற்கு முன்னால் பாராட்டியதில்லை. ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் மத்தியானம். வேலை நடந்தபோதெல்லாம் மாமனாரை முன்னறையிலேயே உட்கார வைத்திருந்தோம். என் மனைவி துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். ஜன்னல் வெயில் தரையில் விழுந்து எல்லாம் ஒரே பால் வெள்ளையாக இருந்தது. நான் சமையலறையில் நின்று, சுவரிலிருந்த பழைய போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"மாமா, உங்களுக்கு போன்!"

தடியை ஊன்றி எழுந்து வந்தார். ஹாலில் பாதி வந்திருப்பார். அதற்குள் மாடியிலிருந்து அவள் இறங்கி வந்துவிட்டாள். எனக்குத்தான் எதுவும் சரியாக அமையாதே.

"நில்லுப்பா, நில்லுப்பா. புதுத் தரை, வழுக்கும். நான் பிடிச்சுக்கறேன்."

தடியை வாங்கிச் சுவரில் சாய்த்தாள். அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, குழந்தைக்கு நடை பழக்குவது போல அவர் முகத்தைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்தாள். நடுவில் ஒருமுறை தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாள். தரை அவளுக்கும் ஒரே சீராகத்தான் தெரிந்திருக்கும். புதுசு இல்லையா. இன்னும் தூரம் இருக்கிறது என்று நினைத்திருப்பாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஒரே ஒரு சொல் போதும், சார். "படி." இரண்டே எழுத்து. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அதைச் சொன்னால் அவரும் நின்றுவிடுவார்.

அவள் விழுந்தாள். கடைசிப் படியின் விளிம்பில் பின்மண்டை. நான் அவளைத் தொடக்கூட இல்லை.

அவர் விழவில்லை. கைகள் நழுவியதும் அவருடைய வலது கால் முதல் படியின் விளிம்புக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. நான் பார்த்தேன். பிரேக் மிதித்த மாதிரி நின்றது. கைகளை நீட்டியபடியே நின்று, "கண்ணு? கண்ணு, எங்கம்மா போயிட்டே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

விபத்து என்று நீங்கள் எழுதிவிட்டீர்கள். என் மாப்பிள்ளை தங்கம் என்று அவரும் உங்களிடம் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு ஒரு காலையில் நான் பெட்டியை எடுத்தேன். மாற்றல் இன்னும் எனக்காகக் காத்திருந்தது. தாழ்ப்பாள் சத்தம் அவர் காதுக்குப் போய்விட்டது.

"எங்க மாப்ளே?"

"ஆபீஸ் மாத்தல், மாமா. அந்த ஊர்ல சேரணும்."

காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை. "நான் இருக்கற வரைக்கும் நீ எங்கயும் போக முடியாது மாப்ளே" என்றார். ஒரு வாய் குடித்தார். "அன்னைக்கு போன் அடிக்கவே இல்லையே."

திட்டவில்லை. அழவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்குள் எங்கே போனாலும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். தடியை விட்டுவிட்டார். ஒவ்வொரு தடவையும் சமையலறைப் பக்கம் வந்ததும் கையை லேசாக அழுத்தி, மெதுவாகச் சொல்கிறார்: "படி, மாப்ளே. பார்த்து."

காலையில் சொல்கிறார், சாயங்காலம் சொல்கிறார். அவர் உடம்பு திடமான உடம்பு, சார். டாக்டரே சொன்னார், நூறு தாண்டும் என்று.

நீங்கள் பேனாவை மூடிவிட்டீர்கள். துக்கத்தில் உளறுகிறாய், வீட்டுக்குப் போய்த் தூங்கு என்று சொல்லப்போகிறீர்கள். வேண்டாம். வெளியே பெஞ்சில் மாமனார் உட்கார்ந்திருக்கிறார். என்னைக் கூட்டிக்கொண்டு போக அவரே ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். அவளைக் கொன்றதாக எழுத உங்களுக்கு மனம் வரவில்லையென்றால் விடுங்கள், எனக்கும் அது சரியாகப் படவில்லை, அவள் என்றால் எனக்கு உயிர். அவரைக் கொல்லப் பார்த்தேன் என்றாவது எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

பெஞ்சு கிறீச்சிட்டது, கேட்டதா? எழுந்துவிட்டார். உங்கள் வாசற்படியில் வெள்ளைக் கோடு இருக்கிறது, சார். அவர் அதில் தடுக்கி விழ மாட்டார். சீக்கிரம் எழுதுங்கள்.