சாட்சி சொல்லப் போனவள்

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் குருடியாப் பொறந்திருக்கலாம்க்கா," என்றாள் இளையவள்.

"என்ன பேச்சு பேசுத, சலோமி?"

"கொழுந்தன் ஒரு ஆளை வெட்டுனதைப் பாத்திருக்க மாட்டேன்ல. இன்னிக்குக் கோர்ட்ல பாக்கலைன்னு சொல்லச் சொல்லுதாக. உண்மையைச் சொன்னா வீட்டுக்குள்ள கால் வைக்காதேன்னு மாமியா சொல்லிட்டாக."

"அப்பப் பாக்கலைன்னே சொல்லிரு. ஆண்டவர் மன்னிப்பாரு."

"மன்னிப்பாருன்னு தெரிஞ்சுக்கிட்டே பொய் சொல்லவாக்கா? வேற வழி காட்டும் ஆண்டவரேன்னு எம்புட்டோ கெஞ்சினேன். பொய் சொல்லாதேங்கிறதைத் தவிர அவரு வேற எதுவும் சொல்லலை."

"பயமா இல்லையாட்டி?"

"கையைத் தொட்டுப் பாரு."

மூத்தவள் தொட்டுப் பார்த்தாள். பிறகு அந்தக் கையை விடவே இல்லை.

கோர்ட் ஸ்டாப்பில் பஸ் நின்றது. சலோமி ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்காரு பிள்ளையத் தூக்கிட்டு வந்து நிக்காகக்கா," என்றாள்.

"இறங்காதட்டி. இப்பிடியே போயிருவோம்."

"இல்லக்கா, இறங்கு. செத்த நேரம் என் கூட மட்டும் நில்லு."

இருவரும் இறங்கினார்கள். சலோமியைக் கண்டதும் குழந்தை இரண்டு கைகளையும் நீட்டியது. அவன் குழந்தையோடு முதுகைத் திருப்பிக்கொண்டான். சலோமி அவனைக் கடந்து கோர்ட் வாசலுக்குள் போனாள்.